கல் இல்லாத ஊர்: கும்பகோணக் குறிப்புகள்

அத்தை வீட்டுக் கொல்லையில் பழைய குழாயில் மண் ஏறிவிட்டது. புதிதாகக் கைபோர் போட மூன்று பேர் வந்தார்கள். நட்டுவைத்த கம்பங்கள், ஒரு கப்பி, இரும்புக் குழாய், பக்கத்தில் வெட்டிய குழியில் கலங்கல் தண்ணீர். அவ்வளவுதான் சாமான். நான் இருப்பது கிருஷ்ணகிரிப் பக்கம். அங்கே போர் போடுவதென்றால் லாரி வரவேண்டும், காது அடைக்கவேண்டும், தெரு முழுக்க வெள்ளைப் புழுதி படியவேண்டும். பாறையைப் பொடித்துத்தான் தண்ணீர் முகத்தைப் பார்க்கமுடியும். இங்கே குழாயைத் தூக்கித் தூக்கிக் குத்துகிறார்கள். பூமி மறுப்புச் சொல்லாமல் வழிவிடுகிறது.

“பாறையே தட்டாதா?” என்று கேட்டேன்.

“களி வரும், மணல் வரும், மறுபடி களி வரும். கல்லுன்னு ஒண்ணு தட்டுச்சுன்னா அது யாரோ தூக்கிப்போட்ட அம்மியா இருக்கும் சார்.”

அன்று முழுவதும் அந்தப் பதிலையே சுற்றிக்கொண்டிருந்தேன். சந்துக்குச் சந்து கோயில் உள்ள ஊர் இது. சாரங்கபாணி கோபுரத்துக்குப் பதினொரு நிலை. ராமசாமி கோயில் தூண்களில் ஆள் உயரச் சிற்பங்கள். ஆனால் அடியில் கல் கிடையாது. மேற்கே திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துக் குன்றுகளுக்குப் போனால்தான் கருங்கல். அப்படியானால் இந்த ஊரில் ஒவ்வொரு தூணும் வெளியூர்க்காரர். நூற்றாண்டுகளாகக் குடியிருப்பதால் யாரும் கேட்பதில்லை.

*

வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. நடுவில் மாட்டிக்கொண்ட தீவு மாதிரி ஊர்.

முதல்முறை காவிரியைப் பார்க்க வருகிறவர்கள் பாலத்தில் நின்று “இதுவா காவிரி?” என்கிறார்கள். அவர்கள் மனதில் இருப்பது திருச்சிக்கு மேற்கே ஓடும் அகண்ட காவிரி. பல ஆறுகள் கடலை நெருங்க நெருங்கப் பெருகும், இது இளைக்கும். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்துபோகிறது. கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும். அப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று வழியெல்லாம் பங்கு கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பூம்புகாருக்குப் போகிறது. கும்பகோணத்தில் ஒரு பையன் கல்லெறிந்தால் அக்கரையில் விழும். கல் கிடைத்தால்.

வெள்ளத்தைச் சுமக்கிற வேலை வடக்கே ஓடும் கொள்ளிடத்துக்கு. காவிரியின் பேர் இதற்கு, பாரம் அதற்கு. குடும்பங்களிலும் உண்டு இப்படி.

*

“ஆத்துல தண்ணி வந்துட்டுதா?”

ஜூன் மாதத்தில் அத்தை போனை எடுத்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் வரும் கேள்வி இதுதான். நான் மேட்டூர் இருக்கும் திசையில் இருப்பதால் எனக்கு முன்கூட்டியே தெரியும் என்று ஒரு நம்பிக்கை. 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு இந்த ஆறு மழையைக் கேட்டு வருவதில்லை, மதகைக் கேட்டுத்தான் வருகிறது. குறுவைச் சாகுபடிக்கு ஜூன் 12 என்று தேதி. அந்தத் தேதியும் பிடித்தால் உண்டு. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். நாற்றங்கால் தயாராகாதவர்கள் திணறினார்கள். 2024இல் ஜூன் போய், ஜூலையும் முடியப்போகும்போது 28ஆம் தேதி திறந்தார்கள். ஆடிப்பெருக்குக்கு ஆறு நாள் இருந்தது.

திறந்த அன்றே வந்துவிடாது. கல்லணைக்கு வந்து, அங்கே முறை வைத்துப் பிரித்து, காய்ந்த மணல் குடித்தது போக நுரையும் சருகுமாக ஒரு நாக்கு நீட்டிக்கொண்டு வரும். முதல் தண்ணீரைப் பார்க்கப் படித்துறையில் ஆட்கள் நிற்பார்கள். நான் ஒருமுறை பகவத் படித்துறையில் நின்றேன். தண்ணீருக்கு முன்னால் எறும்புகள் வந்தன, வளையைக் காலிசெய்துகொண்டு. பிறகுதான் ஆறு.

*

வெயிலைப் பற்றி இந்த ஊர்க்காரர்களிடம் பேசக்கூடாது. எங்கள் கிருஷ்ணகிரி வெயில் காய்ச்சும், மே மாதத்துக் கும்பகோணம் அவிக்கும். ஈரம் போகாது. வேட்டி உலர்ந்தும் உலராததுபோல் இருக்கும். கடல் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே. காற்றுக்குக் காத்திருக்க மனம் வேண்டும்.

சித்திரை மாதம் இந்த வெயிலுக்கே ஒரு மரியாதை நடக்கிறது. நாகேஸ்வரன் கோயிலில் ஆண்டில் இரண்டு மூன்று நாள் காலைச் சூரியன் வாசல்களுக்குள் நுழைந்து லிங்கத்தின் மேல் விழும்படி கட்டியிருக்கிறார்கள். முற்காலச் சோழர் கட்டடம். ஒளியைப் பார்க்கக் கூட்டம் முண்டும். நான் கருவறையின் வெளிச்சுவரில் உள்ள பெண்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் தேவியர்போல இல்லை. தெருவில் எதிர்ப்பட்டவர்களைப் பார்த்துச் செதுக்கியதுபோல் ஒவ்வொருத்திக்கும் தனி முகம்.

*

மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆண்டு மழையில் பெரும்பங்கு அப்போதுதான். ஆடி, ஆவணியில் மாலை இடி ஒன்றிரண்டு வரும். பெய்தால் என்ன, தண்ணீர் எங்கே போவது? ஊர் கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 25 மீட்டர். கடலுக்கு உள்ள தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிவுகூடத் தேறாது. மேஜை மேல் கொட்டிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசிக்குமே, அப்படி. வயலுக்கு இது வரம். சாக்கடைக்குச் சாபம்.

அந்தத் தேங்கலின் பலன்தான் யானைக்கால். கும்பகோணம் என்றாலே யானைக்கால் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லிச் சிரித்த காலம் உண்டு. இந்த ஊரில் சம்பந்தம் செய்ய யோசித்தார்கள் என்று அத்தை சொல்கிறாள். அவளுடைய மாமியாருக்கு வலது கால். புடவையைத் தரையில் புரளவிட்டுக் கட்டுவாளாம், யாரும் பார்க்காமல் இருக்க. ஃபைலேரியா புழுவைச் சுமந்துவருவது சாக்கடையிலும் தேங்கிய தண்ணீரிலும் பெருகும் க்யூலெக்ஸ் கொசு. ஆக, அது ஒரு பரம்பரைச் சாபமும் இல்லை, காவிரித் தண்ணீரின் கோளாறும் இல்லை, ஓடவேண்டிய தண்ணீர் நின்ற கதை. பிறகு வருடத்துக்கு ஒருமுறை வீடுவீடாக வந்து மாத்திரை கொடுத்து, எதிரிலேயே விழுங்கவைத்துவிட்டுப் போனார்கள். இப்போது அந்தக் கால்களைத் தெருவில் காண்பது அரிது. பெருமைப் பட்டியலில் டிகிரி காபி இருக்கிறது, இது இல்லை. எனக்கு இதுதான் பெரிய சாதனையாகத் தோன்றுகிறது.

(டிகிரி காபி: தண்ணீர் கலக்காத பால் என்று பாலின் டிகிரி பார்த்து வாங்கியதால் அந்தப் பெயர் என்பார்கள். சிக்கரியிலிருந்து வந்தது என்றும் ஒரு கட்சி. நெடுஞ்சாலை முழுக்க ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று பித்தளை டம்ளர் படம்போட்ட கடைகள். கும்பகோணத்துக்குள் அத்தை குடிப்பது ஃபில்டரில் நேற்று இறங்கிய மிச்சம்.)

*

ஆதிகும்பேஸ்வரருக்குத் தண்ணீர் ஊற்றி அபிஷேகம் கிடையாது. புனுகு சாத்துவதோடு சரி. காரணம் கேட்டால் புராணத்தில் தொடங்குவார்கள்: பிரளயத்தில் மிதந்துவந்த அமுதக் குடம் இங்கே தங்கியது, சிவன் வேடனாக வந்து அம்பால் உடைத்தார், சிந்திய அமுதத்தையும் மணலையும் பிசைந்து லிங்கம் செய்தார். மண் லிங்கம், கரைந்துவிடும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் தோன்றக்கூடிய கதை இது. கல் நாட்டில் கடவுள் பாறையிலிருந்து வெடித்து வருவார். வண்டல் நாட்டில் குடம் மிதந்து வருகிறது, உடைகிறது, சேற்றோடு சேர்ந்து இறுகுகிறது. தேவாரத்தில் ஊருக்குப் பெயர் குடமூக்கு. கும்பம் என்பது அதே குடம்தான், வடமொழி உடுத்தியது.

சிந்திய அமுதம் தேங்கிய இடம் மகாமகக் குளமாம். சுற்றிப் பதினாறு மண்டபங்கள், நாயக்கர் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் கட்டியவை. குளத்துக்குள்ளேயே கிணறுகள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, குரு சிம்மத்தில் இருக்கும் மாசி மகத்தன்று நாடே இந்த ஆறு ஏக்கருக்குள் இறங்கப் பார்க்கும். 1992இல் நெரிசலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2016இல் நான் போகவில்லை. அடுத்தது 2028. இப்போதே லாட்ஜில் விசாரிக்கிறார்கள் என்று ஆட்டோக்காரர் சொன்னார். இன்னொரு தெருவைக் கடக்கும்போது அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். 2004 ஜூலை 16இல் பள்ளிக்கூடக் கூரைக்குத் தீப்பிடித்து 94 குழந்தைகள் போனது அங்கே. திரும்பும்வரை இருவரும் பேசவில்லை.

*

தாராசுரம், நவம்பர். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேஸ்வரம். மழை விட்டு ஒரு நாள் ஆகியும் வெளிப்பிரகாரத்தில் தண்ணீர் நின்றது. தேர் வடிவ மண்டபத்தின் சக்கரமும் குதிரையும் தலைகீழாக அதில் தெரிய, போட்டோ எடுப்பவர்களுக்குக் கொண்டாட்டம். சுற்றியுள்ள தரையைவிடக் கோயில் முற்றம் தாழ்ந்து கிடக்கிறது. கோயில் இறங்கியதா, ஊர் ஏறியதா? எட்டு நூற்றாண்டுக்கு மேல் மண் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும் சமவெளியில் எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். யுனெஸ்கோ பலகைக்குக் கீழே ஒரு தவளை.

*

இந்த மண் கொடுத்த நெல்தான் கும்பகோணத்தைப் படிக்கவைத்தது. 1854இல் காவிரிக்கரையில் ஆரம்பித்த பள்ளி பிறகு கல்லூரியாகி, ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்று பெயர் வாங்கியது. 1880இல் உ.வே. சாமிநாதையர் அங்கே தமிழாசிரியராகச் சேர்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் ராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாக 1887இல் புத்தகம் அச்சில் வந்தது. இந்த ஈரத்தில் ஏடு எத்தனை நாள் தாங்கும் என்று யோசித்தால், அந்தக் கேள்வி சற்றுத் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வயிற்றைப் பிசைகிறது.

சாரங்கபாணி சன்னதித் தெருத் திண்ணையில் பலகையும் பலப்பமுமாக உட்கார்ந்திருந்த ராமானுஜன் இந்தக் கேம்பிரிட்ஜில் 1904இல் உதவித்தொகையோடு நுழைந்து, கணக்கைத் தவிர மற்றதைத் தொடாமல் உதவித்தொகையை இழந்தார். அசல் கேம்பிரிட்ஜ் பத்து வருடம் கழித்துக் கூப்பிட்டது. எழுத்தாளர்கள் ந. பிச்சமூர்த்தியும் கு.ப.ராவும் பிறந்தது இங்கே. எம்.வி. வெங்கட்ராம் ஜரிகை வியாபாரம் செய்துகொண்டே எழுதினார். ‘மோகமுள்’ நாவலில் பாதி ஊர் இதுதான்.

ஆனால் திண்ணைக்கும் வயலுக்கும் நடுவே இருந்த தூரத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. நெல்லை விற்ற காசில் மிராசுதார் பிள்ளைகள் படித்தார்கள். சேற்றில் நின்று நட்டவர்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரி இருக்கட்டும், அக்கிரகாரத்துப் படித்துறையே கிடையாது. ஒரே தண்ணீர், ஆளுக்கொரு துறை.

*

வெற்றிலை பற்றி ஒரு வரி: கொழுந்து வெற்றிலை, அகத்தியில் ஏறிய கொடி, ஈரம் வேண்டும், தேங்கல் கூடாது. கொடிக்கால்காரர்களின் வாழ்க்கையே வாய்க்கால் வெட்டுவதுதான். 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அத்தைக்குச் சீவல் வாங்க மறந்துவிட்டேன்.

*

சுவாமிமலை. பட்டறையில் இளைஞர் ஒருவர் மெழுகில் நடராஜரின் விரல்களைச் செய்துகொண்டிருந்தார். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்த மெழுகு. அளவுக்குத் தென்னங்கீற்று: மடித்து மடித்து முகம் இத்தனை, மார்பு இத்தனை என்று கணக்கு. டேப் இருக்கிறது, ஆனால் ஆணியில் மாட்டியிருக்கிறது.

மெழுகு உருவத்தின்மேல் முதல் பூச்சு காவிரி வண்டல். மாவைவிட நைசு. அப்புறம் கொஞ்சம் கரடான மண், பெரிய உருவமானால் கம்பிக் கட்டு. காய்ந்தபின் சூடு காட்டினால் மெழுகு ஓடிவிடும். அது விட்டுப்போன வெற்றிடத்தில் உருக்கிய உலோகம். ஆறியதும் மண்ணை உடைத்து எடுப்பார்கள். ஒரு அச்சுக்கு ஒரு சாமிதான். டெல்லியில் 2023 ஜி-20 மாநாட்டு அரங்கத்தின் முன் நிறுத்திய 27 அடி நடராஜரையும் இந்த ஊர் ஸ்தபதிகள் இப்படித்தான் வார்த்தார்கள்.

“ஏன் இந்த மண்ணேதான்?”

“மெழுகுல நகம் பட்டாக்கூட இது எடுத்துக்கும் சார். வேற ஊரு மண்ணு ரேகையை விட்டுடும்.”

பட்டறைக்குப் பின்னால் உடைத்த அச்சுகள் குவிந்துகிடந்தன. கை, சடை, திருவாசி எல்லாம் உட்புறமாகப் பதிந்த கருகிய மண்துண்டுகள். ஒரு பிடி ஈர வண்டல் கேட்டேன். “அதை வெச்சு என்ன சார் பண்ணப்போறீங்க?” என்று சிரித்துக்கொண்டே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார். சேலம் பஸ்ஸில் கவர் கிழிந்திருக்கவேண்டும். கிருஷ்ணகிரி வந்து பையைத் திறந்தால் மண் பாதி காய்ந்து சட்டையோடு ஒட்டியிருந்தது. பிய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். காலரின் தையல், நூல் நூலாக, ஒன்று விடாமல்.