பின்னால் வராத வண்டி

கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி எங்களுக்கு ஏதும் தெரியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். தொலைக்காட்சியில் அது வந்தால் அலைவரிசையை மாற்றிவிடுகிற குடும்பம் எங்களுடையது. அப்படிப்பட்ட நாங்கள் 2024 மே மாதத்தில், ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடற்கரையில், முழுதாக ஐந்து நாட்களை கோல்ஃப் பை சுமக்கும் மின்வண்டிகளைப் பற்றிப் பேசியும், அவற்றைத் தள்ளியும் மடித்தும் தூக்கிப் பார்த்தும் கழித்தோம். காரணம் மாமா.

எங்களில் தமிழ் பயின்றவருக்கு அவர் தாய்மாமன். இயற்பியல் பயின்றவருக்கும் திருமணமான நாள்தொட்டு மாமாதான். எழுபது வயது. மதுரையில் மருத்துவம் படித்து, 1980-இல் கப்பலேறாமல் விமானமேறிப் போனவர் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். முப்பதாண்டுகளுக்கு மேலாக கோல்ஃப் ஆடுகிறார். 2023 இறுதியில் நெஞ்சைத் திறந்து இதயத்துக்கு மாற்றுவழி அறுவை செய்தார்கள். நடக்கலாம், நன்றாகவே நடக்கலாம், ஆனால் தோளில் பை சுமக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்பது மருத்துவர்களின் தீர்ப்பு. மருத்துவர் என்றாலும் நோயாளியானபின் தீர்ப்பைக் கேட்டுத்தானே ஆகவேண்டும்!

சுமை சிறிதன்று. விதிப்படி ஒருவர் 14 மட்டைகள் வரை கொண்டுபோகலாம். பந்துகள், மழையுடை, குடை, தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் பை பன்னிரண்டு கிலோவைத் தொடும். பதினெட்டுக் குழிகளையும் முடிக்க எட்டு முதல் பத்து கிலோமீட்டர் நடக்கவேண்டும், அதுவும் கடற்காற்றுக்கு எதிராக. உடன் ஆடும் நண்பர்கள் உட்கார்ந்து ஓட்டிச் செல்லும் சிறு கார் ஒன்றை வாடகைக்கு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். “உட்கார்ந்துகொண்டே போவதற்கு நான் எதற்கு வெளியே வரவேண்டும்?” என்று மாமா மறுத்துவிட்டார். கையால் தள்ளும் மூன்று சக்கர வண்டி மலிவு. ஆனால் அவருடைய மைதானத்தின் பின்பாதி மணற்குன்றுகளின் மேல் ஏறி இறங்குவது. ஆகவே எஞ்சியது மின்வண்டி.

இவ்வண்டிகள் புதியவை அல்ல. 1983-இலேயே இங்கிலாந்தில் பவாகேடி என்ற நிறுவனம் மின்வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. இன்று பிரிட்டனில் முதியவர்கள் மட்டுமல்லாமல், முதுகைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கிய நாற்பது வயதினரும் அவற்றோடுதான் நடக்கிறார்கள். பெயரின் பிற்பகுதி கேடி. பை சுமப்பவருக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டு எடின்பரோவில் கடிதமும் தண்ணீரும் சுமந்து தெருத்தெருவாக ஓடிய ஏவலாட்களையும் அப்படித்தான் அழைத்தார்கள். நம்மூர்க் காவல்துறைப் பதிவேட்டிலிருந்து பேச்சில் கலந்த ‘கே.டி.’ வேறு வழியில் வந்தது. ஆயினும் முதன்முறை அச்சொல்லைக் கேட்டபோது எங்களில் ஒருவர் சிரித்துவிட்டோம். மாமா சிரிக்கவில்லை. அப்போது அதன் காரணம் எங்களுக்குத் தெரியாது.

முதல் நாள் பக்கத்து வீட்டு நண்பரின் பழைய வண்டியைப் பார்த்தோம். ஈய-அமில பேட்டரி. அது மட்டுமே பத்து கிலோ. நண்பர் நல்ல மனிதர், தம் வண்டியின் குறையையும் தாமே சொன்னார். ஒருமுறை பதின்மூன்றாம் குழியருகே அது உயிரைவிட்டதாம். முப்பது கிலோவுக்கு மேற்பட்ட சவத்தை மேட்டில் இழுத்துக்கொண்டு வந்தேன் என்றார். மின்வண்டி நின்றுபோனால் அது வண்டியே இல்லாததைவிட மோசம் என்பதை அன்று அறிந்தோம். நெஞ்சில் தையல்தழும்போடு இருக்கும் ஒருவருக்கு இது வேடிக்கையன்று.

இயற்பியல் ஆசிரியர் அன்றிரவே ஓர் உறையின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். பையும் வண்டியும் பேட்டரியும் சேர்ந்து 25 கிலோ. ஈரப்புல் சக்கரத்தைப் பிடித்திழுக்கும் விசை எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒன்பது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 60 வாட்-மணி. குன்றேற்றம் எல்லாம் கூட்டி நூறு மீட்டர் என்றாலும் அதற்கு வெறும் 7 வாட்-மணிதான். வண்டியைத் தின்பது மலையன்று, புல்! இது எங்களுக்கே வியப்பாக இருந்தது. மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் 110-ஐச் சற்றே தாண்டும். கடையில் சொன்ன லித்தியம் பேட்டரி 12.8 வோல்ட், 18 ஆம்பியர்-மணி; அதாவது 230 வாட்-மணி. பாதிதான் செலவாகும். குளிரில் பேட்டரி சோர்ந்தாலும், நாலைந்து ஆண்டுகளில் கிழடானாலும் பதினெட்டாம் குழிவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எடையும் மூன்று கிலோவுக்குள். (விடுமுறைக்கு ஸ்பெயினுக்கு எடுத்துச் செல்ல நினைப்பவர்கள் மட்டும் கவனிக்கவேண்டும்: விமானங்களில் இத்தகைய பேட்டரிக்கு 160 வாட்-மணி உச்சவரம்பு, 100-ஐத் தாண்டினாலே முன் அனுமதி வேண்டும். மாமாவுக்கு அந்தக் கவலை இல்லை.)

இன்னொன்றையும் கடைக்குப் போனபிறகே உணர்ந்தோம். உண்மையான சோதனை மைதானத்தில் இல்லை, காரின் பின்பெட்டியில் இருக்கிறது. வண்டி தானே ஓடும். ஆனால் காருக்குள் தானே ஏறாது. ஆட்டத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை யாராவது அதைத் தூக்கியாகவேண்டும். எனவே விளக்கும் திரையும் மின்னும் வண்டிகளையெல்லாம் விட்டுவிட்டு, எது எளிதாக மடிகிறது, எதைப் பேட்டரி வேறாகச் சட்டம் வேறாகப் பிரித்துத் தூக்கலாம் என்று பார்த்தோம். இறக்கத்தில் ஓடிவிடாமல் மோட்டாரே பிடித்து நிறுத்தும் வசதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. மழைக்காலத்துக்கு முள் பதித்த சக்கரங்கள் தனியே விற்கிறார்கள். முள்ளெலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நனைந்த புல்லைக் காக்க அவை இல்லாமல் சில மைதானங்கள் குளிர்காலத்தில் வண்டிகளை உள்ளே விடுவதில்லையாம். அவற்றையும் வாங்கச் சொன்னோம்.

விலையுயர்ந்த ஒன்றைக் கடைக்காரர் கடைசியில் காட்டினார். இளைஞர், ஆர்வமாக இருந்தார். சட்டைப்பையளவுக் கருவி ஒன்றை மாமாவின் இடுப்பில் செருகிவிட்டு, “நடங்கள், டாக்டர்” என்றார். மாமா நடந்தார். வண்டி பின்னாலேயே வந்தது. அவர் நின்றார், அதுவும் மூன்றடி தள்ளி நின்றது. வலப்பக்கம் திரும்பினார், அதுவும் திரும்பியது. இயற்பியல் ஆசிரியர் கைதட்டாத குறை. மாமா திரும்பி அந்த வண்டியைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டார்.

காரில்தான் சொன்னார். அவர் வளர்ந்தது மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓர் ஊர். (பெயர் வேண்டாம் என்பது அவர் கட்டளை.) பத்து வயதிலிருந்து பள்ளி இறுதி முடியும்வரை, சனி ஞாயிறுகளில் அங்கிருந்த கோல்ஃப் மைதானத்தில் பை சுமந்திருக்கிறார். பதினெட்டுக் குழிக்கு எட்டணா. பந்து புதரில் தொலைந்தால் கூலியில் பாதி போய்விடும். “மூன்றடி பின்னால்தான் வரணும். நம்ம நிழல் அவர் பந்து உருள்கிற வழியிலே விழக்கூடாது. அவர் நின்றால் நிற்கணும். பேசினால்தான் பேசணும். அந்தப் பையன் கடைக்குள்ளே காட்டினானே, அதேதான். நான் கொஞ்சம் மெதுவாகத் திரும்புவேன், அவ்வளவுதான் வித்தியாசம்.”

நாங்கள் எதுவும் பேசவில்லை. அம்மா ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. ‘அண்ணன் சனிக்கிழமையெல்லாம் வெளியே போய்ப் படிப்பான்’ என்பதுதான் எங்கள் வீட்டுக் கதை. முப்பது ஆண்டுகளாக மாமா தம் பையைத் தாமே சுமந்ததைக் கஞ்சத்தனம் என்று குடும்பத்தில் கேலி பேசியதும் உண்டு. அக்கேலியில் எங்களுக்கும் பங்கு உண்டு. பிடிவாதக்காரர் என்று நினைத்து அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். எந்தப் பேட்டரி என்பது அவருடைய கேள்வியாகவே இருந்ததில்லை. தம் சுமையை இன்னொன்றின் மேல் ஏற்றிவிட்டு வெறுங்கையோடு முன்னால் நடப்பதா என்பதே அவருடைய கேள்வி. அது இயந்திரம்தானே என்று சொல்லிவிடலாம். சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

மறுநாள் அவரே கடைக்கு அழைத்துப்போனார். தொடர்ந்து வருவதும் வேண்டாம், தொலைவிலிருந்து இயக்குவதும் வேண்டாம். கைப்பிடியில் விசை, வேகம் கூட்டக் குறைக்க ஒரு திருகி, பக்கத்தில் நடந்துகொண்டே பிடித்துக்கொள்ள வேண்டியது. சட்டம் பத்து கிலோ, பேட்டரி தனி. விலையிலும் பாதிதான். கடைக்காரப் பையனிடம் முந்தைய நாள் பேசாமல் போனதற்கு வருத்தம் தெரிவித்தார். அவனுக்கு எதற்கென்று புரியவில்லை.

அந்த வண்டியில் நாங்கள் கேட்காத வசதி ஒன்று இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஆளில்லாமலே பதினைந்தோ முப்பதோ மீட்டர் முன்னால் போய் நின்றுகொள்ளும். குழியருகே ஆடிக்கொண்டிருக்கும்போது அடுத்த இடத்துக்கு வண்டியை முன்கூட்டியே அனுப்பிவிடலாம். இதைக் கவனியாமல் குளத்துக்குள் அனுப்பியவர்கள் பலர் என்று நண்பர் எச்சரித்தார். முதல் நாள் ஆட்டத்தில் நாங்களும் கூட நடந்தோம். நான்காம் குழிவரை மாமா அதன் கைப்பிடியை விடவேயில்லை. ஐந்தாவதில் பொத்தானை அழுத்தினார். வண்டி பையோடு புல்மேட்டில் தனியே ஏறிப்போய் நின்றது. “முன்னாலே போகட்டும்” என்றார். அதன்பின் குழிக்குக் குழி அதை அனுப்பிக்கொண்டே இருந்தார். தேவையில்லாத இடத்திலும் அனுப்பினார் என்று நினைக்கிறோம்.

முடிக்கும்போது மாலை ஏழு மணி. அந்த ஊரில் மே மாதத்தில் அது நல்ல வெயில் நேரம். திரையில் பேட்டரி பாதிக்கு ஒரு கோடு குறைவாகக் காட்டியது. இயற்பியல் ஆசிரியருக்கு அந்த ஒரு கோட்டில் கொஞ்சம் வருத்தம். மாமா பேட்டரியைத் தாமே கழற்றினார். சட்டத்தை மடிக்கும்வரை நாங்கள் விட்டுக்கொடுத்தோம். பையை மட்டும், அவர் குனிவதற்குள், ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கிக் காரின் பின்பெட்டியில் வைத்தோம். தடுக்கப் போகிறார் என்றே எதிர்பார்த்தோம். அவர் கையைப் பையில் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேர் தூக்கினால் ஆளுக்கு நாலணாதான் மாப்பிள்ளை” என்றார்.