சக்கரத்தின்மேல் ஒரு வீடு

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து குரூகர் தேசியப் பூங்காவின் வடபகுதியிலுள்ள பூண்டா மரியா முகாமுக்கு ஏறத்தாழ 550 கிலோமீட்டர். காருக்குப் பின்னால் கேரவன் பூட்டியிருந்தால் அது ஒரு முழுப்பகல் பயணம். அடுப்பும் படுக்கையும் தண்ணீர்த் தொட்டியுமாக ஒரு சிறு வீட்டையே இழுத்துச் செல்கிறோம்; ஏற்றங்களில் அதன் பாரம் ஓட்டுபவரின் தோள்களில் தெரியும். பொலக்வானேயைக் கடந்து நெடுந்தூரம் சென்றபின், சாலையோரத்தில் மகரரேகையின் நினைவுச்சின்னம் நிற்கிறது. லூயி டிரிச்சார்டில் கிழக்கே திரும்பினோம். பூங்காவினுள் 50 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது. யானைக்கு வழிவிடுவதைச் சட்டம் சொல்லித்தானா அறிய வேண்டும்!

முகாமில் கேரவனின் கால்களை இறக்கி ஊன்றி, அரைமணி நேரத்தில் குடியேறிவிட்டோம். எத்துணை எளிதாக!

அங்கிருந்து வடகிழக்கே, லிம்போப்போவுக்கும் லுவுவு ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில் மகுலேகே மக்கள் வாழ்ந்துவந்தனர். 1969-இல் நிறவெறி அரசு பூங்காவை விரிவாக்குவதற்காக அவர்களைத் துப்பாக்கிமுனையில் வெளியேற்றியது. தம் வீடுகளுக்குத் தாமே தீயிடுமாறு பணித்தது. நிறவெறி ஆட்சி ஒழிந்தபின், 1998-இல் ஏறத்தாழ 24,000 ஹெக்டேர் மீண்டும் அவர்களுக்கு உரிமையாயிற்று. ஆயினும் உழவும் குடியிருப்பும் இன்றி, காடு காடாகவே இருப்பதற்கு அவர்கள் இசைந்தனர்.

இதைப் பெருந்தன்மை என்று மட்டும் புகழ்ந்துவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. கட்டணம் செலுத்திய நாங்கள் அவ்வனத்தில் உறங்கினோம். நிலத்துக்குரியவர்களோ அங்கே வீடு கட்டுவதில்லை. அவர்களுள் சிலர் அந்நிலத்து விடுதிகளில் வழிகாட்டிகளாகவும் பணியாளர்களாகவும் வேலை செய்கின்றனர்.