எச்சில், பட்டு, ஒரு பல்

வேர்க்கடலை கடித்து அம்மாவுக்கு முன்பல் ஒடிந்தது. வறுத்ததுகூட இல்லை, அவித்த கடலை. "இன்னாடா இது, கல்லு மாதிரி கீது" என்று உள்ளங்கையில் துப்பினாள். பாதிப் பல்.

ஒடியாமல் என்ன செய்யும்? அந்தப் பல்லின் நுனியில் ஒரு பள்ளம் உண்டு. எல்லா அம்மாக்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று சின்ன வயசில் நினைத்திருந்தேன். நாற்பது வருசமாய்ப் பட்டு நூல் கடித்துக் கடித்து விழுந்த பள்ளம் அது. எம்.ஏ. பரீட்சையில் பெண்களின் பல்லுக்கு முத்து, முல்லை அரும்பு என்று உவமை எழுதி மார்க் வாங்கியவன் நான். நூல் கடித்துத் தேய்ந்த பல்லுக்கு நான் படித்த பாட்டு எதிலும் உவமை இல்லை.

ஆரணிப் பட்டு என்று கடையில் விற்பதெல்லாம் ஆரணிக்குள்ளேயே நெய்வதில்லை. சுத்துப்பட்டு ஊர்களில் நெய்கிறார்கள். எங்கள் சந்தவாசல் பக்கமும் தறிச் சத்தம் உண்டு. தறி எங்கள் சனத்தின் தொழில் இல்லை. எங்களுக்கு ஏர், களை, அறுப்பு. ஆனால் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்வைச் சேலை நெய்ய நெசவாளி ஒருவரால் ஆகாது. பக்கத்தில் குந்தி கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். சின்னக் கையாக இருந்தால் கூலி குறைவு. அப்படித்தான் அம்மா ஒன்பது வயசில் போனாள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதற்கப்புறமும் என் அக்கா போனாள்.

தறி இருக்கிற கூடம் வரைக்கும் போகலாம். அடுப்படிப் பக்கம் போகக்கூடாது. தண்ணீர் கேட்டால் குனிந்து கையேந்த வேண்டும், மேலே இருந்து ஊற்றுவார்கள். சொம்பில் வாய் படக்கூடாது. இதெல்லாம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரிந்த கதைதான். எனக்குப் புரியாதது வேறு. இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், முடிச்சின் வாலை அறுக்க வேண்டும். கத்திரியைத் தேடி எடுத்து வெட்டினால் நேரம் போகும், திட்டு விழும். அம்மா வாயில் வைத்துக் கடிப்பாள். ஒரு சேலைக்கு எத்தனை கடி என்று யார் எண்ணினார்கள்? சொம்பில் படக்கூடாத அந்த எச்சில் பட்ட சேலைதான் முகூர்த்தப் பட்டாகக் கல்யாணத்துக்குப் போனது, அம்மன் இடுப்பிலும் ஏறியது. பட்டுக்குத் தீட்டில்லை என்பார்கள். பட்டுக்கு இல்லை, சரி. அதைக் கடித்த வாய்க்கு?

அந்த வாயில் கடவாய்ப் பல் ஐந்து இல்லை. வலி வந்தால் முதலில் கிராம்பு. அப்புறம் புகையிலையை உருட்டி வைத்து அடக்குவது. முகம் வீங்கினால் பெரியாஸ்பத்திரி. அங்கே ஊசி போட்டுப் பிடுங்குவார்கள். ஐந்து முறையும் 'பிடுங்கலாமா' என்று அவளை யாரும் கேட்டதில்லை, 'காப்பாற்றலாமா' என்று கேட்க அவளுக்குத் தெரியாது. எங்கள் காலனியில் ஐம்பது தாண்டிய பொம்பளைகள் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வெற்றிலை, புகையிலை மேல் பழியைப் போட்டுவிடலாம். ஆனால் கணக்கு வேறு. பிடுங்குவது ஒரே நாள் வேலை. பல்லைக் காப்பாற்ற நாலு நாள், ஐந்து நாள் போக வேண்டும். வேரைச் சுத்தம் பண்ண இரண்டு நடை, அச்செடுக்க ஒரு நடை, மாட்ட ஒரு நடை. நாலு நாள் கூலி, நாலு நாள் பஸ். வைத்தியம் இலவசமாகவே கிடைத்தாலும் அந்த நாலு நாள் இலவசம் இல்லை. அதுவும் எங்கே கிடைக்கும்? சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953இல் வந்தது. சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தை அரசு எடுத்துக்கொண்டது 2013இல், அதோடு அங்கிருந்த பல் கல்லூரியும் வந்தது. புதுக்கோட்டையில் 2023இல் ஒன்று. சந்தவாசலில் இருந்து மூன்றுமே தூரம்தான்.

முன்பல்லையும் பிடுங்கலாம் என்றுதான் சொன்னார்கள். இந்த முறை நான் கூட இருந்தேன். வேண்டாம் என்றேன். ஆரணியில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் சின்னப் பெண். வாயைப் பார்த்ததும் "என்ன வேலைம்மா செய்றீங்க, தையலா?" என்றது. தையல்காரர், ஆணியைப் பல்லில் பிடிக்கிற தச்சர், செருப்புத் தைக்கிறவர், இவர்களுக்கெல்லாம் இப்படிப் பள்ளம் விழும், ஒவ்வொரு தொழிலும் பல்லில் தெரியும் என்று சொன்னது. பல்லின் மேல்பூச்சு உடம்பிலேயே கெட்டியான பொருள், ஆனால் ஒருமுறை தேய்ந்தால் திரும்ப வளராது என்றும் சொன்னது. அந்தப் பெண் என்ன சாதியோ, தெரியவில்லை. தேடித் தெரிந்துகொள்ளலாமா என்று புத்தி போனது உண்மை.

அம்மா வாயைத் திறக்க மறுத்தாள். பயம் என்று டாக்டர் நினைத்தது. பயமில்லை. எச்சில் ஒழுகி அந்தப் பெண்ணின் கையில் பட்டுவிடும் என்ற கூச்சம். உறை மாட்டிய கைதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் முந்தானையால் துடைத்தாள். பக்கத்துத் தொட்டியில் துப்பச் சொன்னால் விழுங்கினாள். "மன்னிச்சுக்கோ கண்ணு" என்றாள். பூனாவில் தீண்டப்படாதவர்கள் எச்சில் துப்பக் கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936இல் எழுதினார். அதைப் பத்துக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அந்தக் கலயம் அம்மாவின் தொண்டைக்குள்ளேயே இருக்கிறது என்று அந்த நாற்காலிப் பக்கத்தில் நின்றபோதுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

வேர்ச் சிகிச்சை முடிந்தது. நரம்பு எடுத்த பல், அதுவும் பாதி உடைந்தது, சீக்கிரம் நொறுங்கிவிடும். மிச்சத்தைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் இழைத்து, அதன்மேல் மூடி போட்டு ஒட்டுவார்கள். அதற்குப் பெயர் கிரௌன், கிரீடம். தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஊர்த்தெருவில் போக முடியாத சனத்துக்கு வாய்க்குள்ளே கிரீடம்! இதைச் சொல்லி ஒரு கூட்டத்தில் கைத்தட்டல்கூட வாங்கினேன். அம்மாவுக்கு அது 'கேப்'தான். அச்செடுக்க வாயில் மாவு வைத்தார்கள். அதிலிருந்து பல் வரிசையைச் சுதைக்கல்லில் வார்த்து, லேப்பில் அதன்மேல் மெழுகால் பல் செய்து, மெழுகை உருக்கி வெளியேற்றி அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது வழக்கமான முறை. சுவாமிமலையில் சாமி சிலை வார்க்கிற அதே வேலை. பல்லுக்கு இதை 1907இல் டாகர்ட் என்ற அமெரிக்கர் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இப்போது கம்ப்யூட்டரில் கடைந்தும் எடுக்கிறார்கள்.

உலோகம், பீங்கான் என்று காட்டிவிட்டு, "தங்கத்திலும் உண்டு" என்றார் உதவியாளர். அம்மா சிரித்துவிட்டாள். அவளுடைய நைனா கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வட ஆற்காட்டுச் சேரிகளில் இருந்து சனம் சனமாய் அங்கே போய் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரைக்கும் தோண்டியது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். நைனா கொண்டுவந்தது இருமல் மட்டும். "எங்கப்பா தோண்டுன தங்கம் யார் வாயில கீதோ" என்றாள். பீங்கானே போதும் என்று முடிவாயிற்று. நிறம் பார்க்கப் பல் மாதிரிகளைக் கோர்த்த வளையத்தை வாயருகே பிடித்தார்கள். உதவியாளர் வெள்ளையாக ஒன்றை எடுத்தார். "அது வேணாம் சாமி, பக்கத்துப் பல்லு மாதிரியே கறையா வை. இல்லன்னா ஊர்ல கேப்பாங்க."

எல்லாம் சேர்த்து ஏழாயிரம். நான் மொழிபெயர்ப்பு வேலையில் சேர்த்த பணம். மாட்டி முடித்துக் கண்ணாடி கொடுத்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தாள். "பள்ளம் இல்லியே, இனிமே நூலு எதுல கடிப்பேன்?" என்று கேட்டாள். டாக்டர் பதறி, நூல் கடிக்கவே கூடாது, பீங்கான் சில்லாகப் பெயர்ந்துவிடும், கத்திரி வைத்துக்கொள்ளுங்கள் என்றது. சரி சரி என்று தலையாட்டினாள்.

மூணாம் நாள் தறிக்குப் போனாள். சாயங்காலம் கூப்பிடப் போனபோது நான் வாசலில் நின்று பார்த்தேன். நான் வாங்கிக் கொடுத்த கத்திரி பலகை மேல் இருந்தது. இழை அறுந்தது. முடிச்சுப் போட்டாள். நூல் வாய்க்குப் போனது. "யம்மா!" என்று கத்திவிட்டேன். நிதானமாகக் கடித்து அறுத்துவிட்டுத் திரும்பினாள்.

"இன்னாத்துக்குடா கத்தற? அது ஏழாயிரம் ரூவா பல்லு, அதுல கடிப்பனா? இது பக்கத்துப் பல்லு. சும்மா வந்தது."