சிலிண்டர் கனக்கிறது, கேஸ் வரவில்லை

பின்லாந்தின் வடமேற்குக் கோடியில், நார்வே எல்லையை ஒட்டி இருக்கிறது கில்பிஸ்யார்வி. டிசம்பர் முழுக்க இங்கே சூரியன் உதிப்பதில்லை. ட்ரோம்சோவில் வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோமை ஈ8 நெடுஞ்சாலையில் ஓட்டிவந்து முகாம் திடலில் நிறுத்தியபோது, வெளியே மைனஸ் 20 டிகிரி. இந்தக் குளிரில் நம்மையும் தண்ணீர்க் குழாய்களையும் காப்பாற்றுவது வண்டியின் பக்கவாட்டு அறையில் நிற்கும் இரண்டு கேஸ் சிலிண்டர்கள்தான். அதனால் முதல் வேலையாக டார்ச்சை எடுத்துக்கொண்டு அங்கே போனேன்.

11 கிலோ சிலிண்டர்கள் இரண்டும் பட்டை போட்டு நிமிர்த்திக் கட்டப்பட்டிருந்தன. பயன்பாட்டில் இருந்த சிலிண்டரின் அடிப்பாகத்தில் மட்டும் வெண்பனி படிந்திருந்தது. மேலே ஒரு மட்டத்துக்கு அப்பால் பனியே இல்லை. உள்ளே திரவம் கொதித்து வாயுவாகும்போது சுவரிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. திரவம் எவ்வளவு மிச்சம் என்பதை அந்தப் பனிக்கோடே காட்டிவிடுகிறது.

பக்கத்து வண்டிக்காரர் கவலையோடு நின்றிருந்தார். தெற்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர். ஹீட்டர் நின்றுவிட்டது. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால் நல்ல கனம், ஆனால் கேஸ் வரவில்லை. திடலின் பராமரிப்பாளர் வந்து, எங்கே நிரப்பியது என்று மட்டும் கேட்டார். பதில் கிடைத்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

எல்பிஜி என்பது பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை கொதித்து வாயுவாகும். சாதாரண பியூட்டேனோ பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேயே கொதிப்பதை நிறுத்திவிடும். வெயில் நாடுகளில் பியூட்டேன் கூடுதலாக இருந்தாலும் பாதகமில்லை. அதே கலவை வடக்கே வந்தால், புரொப்பேன் முந்திக்கொண்டு வெளியேறிவிடுகிறது. பியூட்டேன் திரவமாகவே அடியில் தங்கிவிடுகிறது. அதன் மேலேயே மறுபடி நிரப்பினாலும் முழுப்பயன் இல்லை. பாதுகாப்புக்காக 80 சதவீதம்தான் நிரப்புவார்கள், அதில் பெரும்பங்கை இந்தப் பழைய பியூட்டேனே அடைத்துக்கொள்ளும். வடநாடுகளில் விற்பது ஏறக்குறைய முழுக்கப் புரொப்பேன். பராமரிப்பாளர் உள்ளூர் சிலிண்டர் ஒன்றைக் கொண்டுவந்து, வாய் அளவு வேறு என்பதால் அடாப்டர் வைத்து மாட்டினார். சற்று நேரத்தில் ஹீட்டர் உயிர்பெற்றது. சிலிண்டரை நெருப்பில் காட்டிச் சூடாக்க மட்டும் ஒருநாளும் முயலாதீர்கள் என்று அவர் அழுத்திச் சொன்னார்.

பிறகு என்னையும் அழைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். சிலிண்டர் அறையின் தரையில் உள்ள துளையைக் காட்டினார். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கி வெளியேற வழி வேண்டும். காற்றைத் தடுக்க வண்டியைச் சுற்றிப் பனியைக் குவித்துவைப்பவர்கள் இந்த வழியையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். ஹீட்டரின் புகைபோக்கியைப் பனி மூடினால் ஆபத்து இன்னும் பெரிது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று அப்போதே அழுத்திப் பார்த்தோம்.

கேஸில் கலந்திருக்கும் துளி ஈரம்கூட ரெகுலேட்டரில் உறைந்து வழியை அடைத்துவிடலாம். அதற்காக 12 வோல்ட்டில் ஓடும் சிறு சூடேற்றியை அதன்மேல் பொருத்தியிருந்தார்கள்.

உள்ளே எங்கள் ஹீட்டர் ட்ரூமா காம்பி 6. முழு வீச்சில் எரிந்தால் மணிக்கு 480 கிராம் கேஸ் குடிக்கும். ஓயாமல் அப்படி எரிந்தால் 11 கிலோ சிலிண்டர் ஒரே நாளில் காலி. இரவில் கேஸ் நின்றால் குளிர் மட்டும் பிரச்சினையல்ல. வெப்பம் 3 டிகிரியை நெருங்கியதும் ஒரு வால்வு தானாகத் திறந்து, ஹீட்டர் தொட்டியின் தண்ணீர் முழுவதையும் வெளியே கொட்டிவிடும். உறைந்து தொட்டி வெடிப்பதைத் தடுக்கும் ஏற்பாடு அது. எங்கள் வண்டியில் ஒரு சிலிண்டர் தீர்ந்ததும் மற்றது தானாகத் திறந்துகொள்ளும் ரெகுலேட்டர் இருந்தது. அதில் சிவப்பு தெரிந்தால், மறுநாளே சிலிண்டர் மாற்றியாக வேண்டும்.

குளிர்காலத்தில் வடக்கே போகிறவர்கள், தெற்கில் நிரப்பிய கேஸைக் குளிர் கடுமையாகும் முன்பே எரித்துத் தீர்த்துவிட வேண்டும். பிறகு புரொப்பேன் நிரப்பிக்கொண்டு ஏறலாம். பின்லாந்தில் எல்பிஜி நிரப்பும் பங்க் மிக அரிது என்பதால், எல்லை தாண்டும் முன் நார்வேயிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. வாடகை வண்டி எடுப்பவர்கள் சாவி வாங்கும்போதே, சிலிண்டரில் இருப்பது என்ன கேஸ், எங்கே நிரப்பியது என்று கேளுங்கள். திருப்தியான பதில் கிடைக்காவிட்டால், சிலிண்டரை மாற்றித் தரச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.