வலு வழங்கியும் தமிழ் வாத்தியாரும்

எம் கல்லூரி அன்னையின் விழா மலருக்குத் தமிழாசிரியனொருவன் எழுதுவதாயின், சங்க இலக்கியத்தைப் பற்றியோ சமய குரவரைப் பற்றியோ எழுதுவான் என்றே பழைய மாணவர் எதிர்பார்ப்பர். யானோ கணினிப் பெட்டியொன்றின் பிணியைப் பற்றி எழுதப் புகுந்தேன். அன்பர்கள் பொறுத்தருள்க.

மன்னார்த் தீவில் ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு, என் மூத்த மகன் பகுதி பகுதியாக வாங்கிப் பூட்டித் தந்த கணினியே ஏடும் எழுத்தாணியும் ஆகும். உயர்தரப் பரீட்சைக்குத் தமிழ் பயிலும் மாணவர் எழுவர் மாலைதோறும் என் இல்லம் வருவர். பேசாலையிலிருந்தும் தாழ்வுபாட்டிலிருந்தும் வரும் அவர்களுட் பலர் கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். பயிற்சி நூல்களை விலைக்கு வாங்கும் வசதியற்றோர். அவர்களுக்கான மாதிரி வினாத்தாள்கள் அக்கணினியிலேயே உருவாகின. பரீட்சைக்கு மூன்று வாரமே இருக்கையில், கணினி அரை மணி நேரம் இயங்குவதும் திடீரென அணைந்து தானே மீண்டும் எழுவதுமாகத் துன்புறுத்தலாயிற்று. திருத்துவோர் ஒருவர் நின்றவாறே நோக்கி, “தாய்ப்பலகை போய்விட்டது, மாஸ்டர், புதிதுதான் வாங்கவேண்டும்” என்றார். அவர் கூறிய விலை என் சம்பளத்தின் பெரும்பகுதியை விழுங்கவல்லது.

“அப்பா, முதலிலை சுவரிலை வாற கறன்ற் சரியோ எண்டு பாப்பம்” என்றான் மகன். பல்மானி 232 வோல்ற்று எனக் காட்டிற்று. நம் நாட்டு வழங்கல் 230 ஆதலின் குற்றம் வெளியிலன்று.

நிற்க. காற்றாடிகள் சுழல்கையில் மின்சாரம் ஏன் தடைப்படுகிறது என்று மாணவர் வினவுவதுண்டு. தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பெற்ற தம்பபவனியின் 30 காற்றாடிகள் 100 மெகாவாற்று வரை தருவன. ஆயினும் அவ்வலு நமக்கென்று தனியே ஒதுக்கப்படுவதன்று; நாடு முழுவதற்குமான பின்னலிற் கலந்துவிடுவது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் இலங்கை முழுதும் இருண்டதென்று அமைச்சரே கூறினார். வானரத்துக்கும் இலங்கைக்கும் உள்ள தொடர்பு பழையதன்றோ!

இனிப் பெட்டியின் உள்ளே வருவோம். வலு வழங்கியானது சுவர் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ற்றுகளாகக் குறைத்துத் தருவது. மின்னைத் துண்டித்து, 24 முனைச் செருகியைத் தாய்ப்பலகையினின்றும் கழற்றி, அதன் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் கிளிப்பொன்றினால் இணைத்து மீண்டும் மின் கொடுத்தான் மகன். விசிறி சுழன்றது. பலர் இவ்விடத்தே நின்று, ‘வழங்கி நன்று’ என முடிவுகட்டிவிடுவர். சுமையின்றி நடப்பவன் சுமையோடும் நடப்பான் என்பது எவ்வாறு பெறப்படும்?

எனவே எல்லாவற்றையும் மீளப் பூட்டி, உபரியாகத் தொங்கிய செருகியின் மஞ்சள், கறுப்புக் கம்பிகளிற் பல்மானியை வைத்தோம். தொடக்கத்தில் 11.8. கணினிக்கு வேலை மிகுந்தபோது 11.2, பின்னர் 10.9. நூற்றுக்கு ஐந்து பங்கே ஏற்றத்தாழ்வு அனுமதிக்கப்படுவதால் 11.4க்குக் கீழே இறங்கலாகாது. அளவுகள் செம்மையாயுள்ளன என்று தாய்ப்பலகைக்கு அறிவிப்பது சாம்பல்நிறக் கம்பி. அவ்வறிவிப்பு அறுந்தவுடன் கணினி இயக்கத்தை விட்டுவிடும். தாய்ப்பலகை நலமாயிருந்தமையாலேயே அவ்வாறு செய்தது!

கைவிளக்கை வழங்கியின் இடுக்குகளிற் பிடித்து நோக்கியபோது, இரு கொள்ளளவிகளின் தலை உப்பியிருந்தது. வெப்பம் பத்துப் பாகை ஏற ஏற அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பர். விசிறி இழுத்த உப்புக்காற்றும் மணற்றூசும் துளைகளை அடைத்திருந்தன. சோளகம் வீசும் மாதங்களில் எம் வீட்டுச் சாளரக் கம்பிகளே துருவேறும்போது இதனை என்னென்பது!

பெட்டியைத் திறந்து பழுதானவற்றை மாற்றலாமென்று மகன் துடித்தான். யான் இசைந்திலேன். செருகியைப் பிடுங்கிய பின்பும் உள்ளிருக்கும் பெரிய கொள்ளளவி முந்நூறு வோல்ற்றுக்கு மேலும் தேக்கிவைத்திருக்கக்கூடும். உயிரோடு விளையாடுவது சிக்கனமாகாது.

வவுனியாவிலிருந்து நற்சான்றுள்ள புதிய வழங்கியொன்று வந்தது. தாய்ப்பலகையின் விலையிற் காற்பங்கும் ஆகவில்லை. மஞ்சட்கம்பி 12.1 என நின்றது. வினாத்தாள்கள் பரீட்சைக்கு ஒன்பது நாள் முன்னரே பிள்ளைகள் கைக்குச் சென்றன.

பழைய வழங்கியின்மீது ‘திறவற்க’ என எழுதி ஒட்டி அலமாரியின் மேல் வைத்தேன். எதிர்மறை வியங்கோளுக்கு உதாரணம் தருக என்ற வினாவுக்கு, பேசாலைப் பிள்ளையொருத்தி அச்சொல்லையே எழுதியிருந்தாள். முழுப் புள்ளியும் வழங்கினேன்.