ஸ்டேஷன் மாஸ்டர் தம்பதியின் லண்டன் யாத்திரை

1914-ஆம் வருஷம் மார்ச் மாதம் 17-ந் தேதி கணித மேதை ராமாநுஜன் சென்னைத் துறைமுகத்தில் 'நெவாஸா' என்னும் கப்பலில் ஏறினார். அவர் லண்டன் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் 14-ந் தேதி. அதாவது இருபத்தெட்டு நாட்கள். சென்ற 2024-ஆம் வருஷம் மே மாதத்தில் நாம் அதே சென்னையிலிருந்து அதே லண்டனுக்கு ஏறக்குறைய 11 மணி நேரத்தில் போய் இறங்கினோம். இதைக் கேட்டுப் பெருமைப்படுகிறவர்கள் படட்டும். ஆனால், கப்பலில் போனவர்களுக்கு இருந்த ஒரு பெரிய சௌகரியம் நமக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். கப்பல் மேற்கே போகப் போக, நாளுக்குக் கொஞ்சமாகக் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவைப்பார்கள். வயிறும் உறக்கமும் அதற்குத் தக்கபடி மெள்ள மெள்ள இணங்கிவிடும். ஆகாய விமானமோ நாலரை மணி நேர வித்தியாசத்தை ஒரே மூட்டையாகக் கட்டி நம் தலையில் வைத்துவிடுகிறது. இருபது வயதுப் பையன் அதை உதறிவிட்டு நடப்பான். எழுபது வயதில் அது அவ்வளவு லேசான மூட்டை அல்ல.

எழுபது வயதைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. நமது தெருவில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபத்து நாலு. அவருடைய மனைவியாருக்கு அறுபத்தொன்பது. ஊரின் பெயர் மயிலாடுதுறை என்று மாறி எத்தனையோ வருஷங்கள் ஆகியும், அவர் மட்டும் இன்னும் 'மாயவரம் ஜங்ஷன்' என்றுதான் சொல்லுவார். மீட்டர் கேஜ் காலத்தில், டோக்கன் வளையத்தை டிரைவர் கையில் கொடுத்து வண்டி விட்டவர். அவருடைய ஒரே மகன் லண்டனில் உத்தியோகம் பார்க்கிறான். "வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் வந்துவிடுங்கள். இனி நீங்கள் அங்கே தனியாக இருக்கவேண்டாம்" என்று அவன் இரண்டு வருஷமாக வற்புறுத்தி வந்தான். அம்மாளுக்கு முழங்கால் வலி. இருவருக்கும் நெடுந்தூரப் பிரயாணம் புதிது. நமக்கோ பள்ளிக்கூடத்தில் கோடை விடுமுறை. ஆகவே துணைக்கு நாமும் சேர்ந்துகொண்டோம்.

மூட்டை கட்டுவதில் முதல் தகராறு நெய்யினால் வந்தது. ஐரோப்பாவுக்கு அப்பாற்பட்ட தேசங்களிலிருந்து வருகிறவர்கள் மாமிசமோ, பாலில் செய்த பண்டமோ கொண்டுபோகக் கூடாது என்பது பிரிட்டனின் சட்டம். பேரப்பிள்ளைக்கென்று காய்ச்சி வைத்த இரண்டு சேர் நெய் நமது வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பற்றி நமக்கு வருத்தம் இல்லை.

விமானத்தில் ஏறிய வயோதிகர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. முப்பத்தைந்தாயிரம் அடிக்கு மேலே பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம், ஆறாயிரம் ஏழாயிரம் அடி உயரமுள்ள மலை மேல் இருப்பது போலத்தான் இருக்கும். அதாவது, உதகமண்டலத்தில் ஒரு நாற்காலியில் பதினொரு மணி நேரம் கட்டுண்டு இருப்பதற்கு ஒப்பாகும். உதகையின் குளுமையான ஈரக் காற்று மட்டும் கிடையாது. விமானக் காற்று வறண்ட காற்று. தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கவேண்டும். அதைவிட முக்கியம், உட்கார்ந்தே இருந்தால் கால் நரம்புகளில் இரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம். மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்கும்படி வைத்தியர் சொல்லியிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, மணி அடித்தாற்போல் மனைவியை எழுப்புவார். அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இருட்டில் உறங்கும் ஜனங்களுக்கு நடுவே சமையலறை வரையில் போய்த் திரும்புவார். "நான்காவது டிரிப் ஆயிற்று" என்று கணவர் கணக்குச் சொல்லுவார். "நீங்கள் வண்டி விட்டது போதாதென்று என்னையும் விடுகிறீர்கள்" என்பார் அம்மாள்.

ஹீத்ரோ நிலையத்தில் சக்கர நாற்காலியுடன் ஒருவர் காத்திருந்தார். அம்மாள் உட்கார்ந்தார். ஸ்டேஷன் மாஸ்டருக்கும் ஒன்று இருந்தது. அவர் உட்கார மறுத்து அதன் பக்கத்திலேயே நடந்து வந்தார். குடிநுழைவு அதிகாரி மரியாதையுள்ளவர்தான். எதற்காக வந்தீர்கள், யாரிடம் தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றாவது கேள்விக்கு மட்டும் ஸ்டேஷன் மாஸ்டர் வாயால் பதில் சொல்லாமல், திரும்பும் டிக்கட்டை எடுத்து நீட்டினார். ஆறு மாதம் தங்க அநுமதி கிடைத்தது. "லைன் கிளியர்" என்றார் நம்மிடம்.

மகன் வீடு ஈஸ்ட் ஹாமில். லண்டனின் கீழைப் பகுதியான அங்கே, கடைத்தெருவில் தமிழ் எழுத்தைப் பார்க்கலாம், முருகன் கோயிலும் உண்டு, இட்டிலிக்கும் குறைவில்லை. ஈழத்திலிருந்து உயிர் தப்பி வந்து வேரூன்றிய குடும்பங்களும் நமது பக்கத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவர்களுமாக வாழ்கிறார்கள். அம்மாளுக்கு முதல் வாரத்தில் உண்டான ஒரே சங்கடம் சூரியனால். மே மாதக் கடைசியில் அங்கே இரவு ஒன்பது மணி வரையில் வெளிச்சம் இருக்கிறது. விளக்கேற்றிவிட்டுத்தான் சாப்பாடு என்பது அவருடைய ஐம்பது வருஷத்துப் பழக்கம். பொழுது சாயட்டும் என்று அவர் காத்திருக்க, பேரன் பசியினால் அழ, மூன்றாம் நாள் ஒரு ராஜி ஏற்பட்டது: மாயவரத்தில் பொழுது சாயும் நேரத்தைக் கணக்கிட்டு, லண்டனில் பட்டப்பகல் இரண்டு மணிக்கு விளக்கேற்றுவதென்று.

ஸ்டேஷன் மாஸ்டரின் உள்ளத்தைக் கவர்ந்தது பூமிக்கு அடியில் ஓடும் ரயில். உலகத்திலேயே முதன் முதலாக 1863-ஆம் வருஷம் ஜனவரியில் பாடிங்டனிலிருந்து பாரிங்டன் வரையில் ஓடிய வண்டி அதுதான். அன்று நீராவி எஞ்சின் சுரங்கத்துக்குள் புகை கக்கிக்கொண்டு ஓடியதாம். மின்சாரத்தால் ஓடும் ஆழமான சுரங்க ரயில் 1890-இல் வந்தது. பிளாட்பாரத்தின் ஓரத்தில் நின்று அவர் வெகு நேரம் கீழே குனிந்து பார்த்தார். "இரண்டு தண்டவாளம் இருக்கவேண்டிய இடத்தில் நான்கு இருக்கிறதே" என்றார். உண்மைதான். சக்கரம் ஓடுவது இரண்டின் மேல். வெளிப்புறத்தில் ஒன்று மின்சாரத்தைக் கொண்டுவருகிறது. நடுவில் ஒன்று அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறது. சக்கரம் ஓடும் தண்டவாளத்தின் வழியாகவே மின்சாரம் திரும்பினால், அது கசிந்து, சுரங்கத்துக்குக் கவசமான இரும்பையும் பக்கத்துக் குழாய்களையும் அரித்துவிடும் என்று அஞ்சி இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். நமது அகலப் பாதை 1,676. இந்தக் கணக்கில் மட்டும் ஸ்டேஷன் மாஸ்டர் லண்டனைக் கொஞ்சம் இளப்பமாகப் பார்த்தார்.

ஒரு நாள் பிரிட்டிஷ் மியூஸியத்துக்குப் புறப்பட்டோம். எம்பேங்க்மெண்ட் என்ற ஸ்டேஷனில் வண்டி மாறவேண்டும். வடக்கே போகும் நார்தர்ன் மார்க்கத்துப் பிளாட்பாரத்தில் வண்டி வந்து நின்றதும், 'இடைவெளியைக் கவனியுங்கள்' என்று இங்கிலீஷில் ஒரு கம்பீரமான ஆண்குரல் ஒலித்தது. மற்ற ஸ்டேஷன்களில் கேட்ட குரல் அல்ல. மகன் அதன் கதையைச் சொன்னான். அந்தக் குரலுக்குரிய நடிகர் 2007-இல் காலமாகிவிட்டார். அவருடைய மனைவி, கணவரின் குரலைக் கேட்பதற்காகவே இந்த ஸ்டேஷனுக்கு வந்து உட்காருவது வழக்கம். 2012-இல் புதிய இயந்திரம் வைத்தபோது பழைய குரல் நின்றுபோயிற்று. அந்த அம்மையார் ரயில்வேக்காரர்களிடம் போய்க் கேட்டார். அவர்கள் பழைய பதிவைத் தேடி எடுத்து, அவருக்கு ஒரு பிரதியும் கொடுத்து, 2013-இல் இந்த ஒரு பிளாட்பாரத்தில் மட்டும் அதே குரலை மீண்டும் ஒலிக்கச் செய்தார்கள். நமது அம்மாள் இதைக் கேட்டுவிட்டு, "இந்த வண்டி போகட்டும், அடுத்ததில் ஏறலாம்" என்றார். அடுத்த வண்டி வந்தது. குரல் ஒலித்தது. "ரயில்வேயில் ஈரம் உள்ளவர்கள் இருக்கிறார்கள்" என்றார் அம்மாள். ஸ்டேஷன் மாஸ்டர் தமக்கே புகழ்மாலை சூட்டியது போல் தலை குனிந்துகொண்டார்.

மியூஸியத்துக்குக் கட்டணம் இல்லை. நாம் அங்கே பார்க்க விரும்பியது அமராவதிச் சிற்பங்களை. கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பெரிய பௌத்த ஸ்தூபத்தின் கற்கள் அவை. 1845-இல் வால்டர் எலியட் என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். பல வருஷங்கள் அவை சென்னையில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859-இல் ஒரு பெரும் பகுதி கப்பலேறி லண்டனுக்குப் போயிற்று; 1880-இல் இந்த மியூஸியத்தைச் சேர்ந்தது. கூட இருந்த மற்றக் கற்களில் பெரும்பகுதியை எழும்பூர் மியூஸியத்தில் இன்றும் காணலாம். ஒரே ஸ்தூபத்தின் கற்கள் எண்ணாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் பிரிந்து நிற்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால், காற்றின் ஈரத்தைக்கூட அளந்து வைத்து, குழந்தையைப் போல் அவற்றைப் பாதுகாக்கிறார்கள். நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அந்தக் கற்கள் கிடந்த கிடையை நினைத்தால் வாய் திறக்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நன்றாக வைத்திருப்பவன் சொந்தக்காரன் ஆகிவிடமாட்டான் என்பதும் நமது அபிப்பிராயம். ஸ்டேஷன் மாஸ்டர் அதைச் சுருக்கமாகச் சொன்னார்: "எப்போது திரும்பிப் போவீர்கள் என்று இந்தக் கற்களை யாரும் கேட்கவில்லை பாருங்கள், ஸார்."

அப்போது அது ஹாஸ்யமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் மகன் அவர்களை ஒரு வக்கீலிடம் அழைத்துக்கொண்டு போனான். நிரந்தரமாகத் தங்க வழி உண்டா என்று கேட்பதற்காக. நாமும் உடன் இருந்தோம். 2012-ஆம் வருஷம் ஜூலையில் பிரிட்டிஷ் சர்க்கார் செய்த விதியை வக்கீல் நிதானமாக எடுத்துச் சொன்னார். பிள்ளை அந்நாட்டுப் பிரஜையே ஆனாலும், வயது ஆகிவிட்டது என்பதற்காகப் பெற்றோரைத் தன்னுடன் நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியாது. குளிக்கவும், உடுக்கவும், சமைக்கவும் பிறர் உதவி தேவைப்படும் நிலையில் பெற்றோர் இருக்கவேண்டும். அந்த உதவி சொந்த தேசத்தில் கிடைக்கவே கிடைக்காது, அல்லது பணம் கொடுத்தும் வாங்க முடியாது என்று ருசுப்படுத்தவேண்டும். மனுவையும் வெளிநாட்டில் இருந்துகொண்டுதான் போடவேண்டும். விருந்தாளியாக வந்தவர்கள் அங்கிருந்தபடியே மாற்றிக்கொள்ள முடியாது. போதாக்குறைக்கு, விருந்தாளிகள் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் சாதாரணச் செலவில் ஒன்றரை மடங்கு வசூலிப்பார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நடக்க முடிகிற வரையில் இங்கே இடம் இல்லை. நடக்க முடியாமற் போன பிறகு இங்கே வந்து சேர முடியாது. அப்படித்தானே?" என்றார். மகன் அதை மொழிபெயர்த்துச் சொன்னான். வக்கீல் சற்று யோசித்துவிட்டு, பெரும்பாலும் அப்படித்தான் என்றார்.

அன்று இரவு அந்த வீட்டில் பேச்சு அதிகம் இல்லை. மகன் தன் உத்தியோகத்தை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்துவிடுவதாகத் தொடங்கினான். "உன் பெண்டாட்டியின் உத்தியோகம்? குழந்தையின் படிப்பு?" என்று அம்மாள் கேட்டார். அத்துடன் அது நின்றது. ஒரு தேசம் தன் எல்லைக்குள் யாரை வைத்துக்கொள்வது என்று விதி செய்வது அதன் உரிமை. இருநூறு வருஷங்கள் அழைக்காத வீட்டில் வந்து தங்கியவர்கள் அதை இவ்வளவு கண்டிப்பாகச் செய்வதுதான் நமக்குச் சற்று விநோதமாகப் பட்டது.

நாம் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு, அம்மாளின் விருப்பப்படி கிங்ஸ்லி ஹாலுக்குப் போய் வந்தோம். ஈஸ்ட் ஹாமிலிருந்து நான்காவது ஸ்டேஷன். 1931-ஆம் வருஷம் வட்டமேஜை மகாநாட்டுக்கு வந்த காந்தியடிகள், செப்டம்பர் 12-ந் தேதி முதல் டிசம்பர் ஆரம்பம் வரையில், பெரிய ஹோட்டல்களை விட்டுவிட்டு, தொழிலாளர் குடியிருப்பின் நடுவே முரியல் லெஸ்டர் என்ற அம்மையாரின் விருந்தினராக இங்கேதான் தங்கினார். மொட்டை மாடியில் ஒரு சிறு அறை. அதில் ஒரு மனிதர் படுக்கலாம். இரண்டு பேர் உட்காரலாம். முழங்கால் வலியோடு படியேறி வந்த அம்மாள் வாசலில் நின்றபடியே பார்த்தார். "இவருக்கும் மூன்று மாதம்தானா?" என்று கேட்டார். ஆமென்றோம்.

நாம் புறப்பட்ட அன்று காலையில் ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். அக்டோபர் மூன்றாவது வாரத்தில் திரும்பும் விமானத்தின் நேரமும், மாயவரத்துக்கு ரயிலின் நேரமும் அதில் இருந்தன. கீழே, ஐப்பசி அடைமழைக்கு முன்னால் கொல்லைக்கட்டில் உடைந்த ஓடுகளை மாற்றும்படி எழுதியிருந்தார். அம்மாள் அதை வாங்கிப் படித்துவிட்டு, "இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். கொல்லைப் படிக்கு இரும்புக் கைப்பிடி போடவேண்டும். குளிக்கும் அறையிலும் ஒன்று" என்றார்.

"படிக்கு ஒரு பக்கம் போதுமே" என்றார் கணவர்.

"இரண்டு பக்கமும் போடச் சொல்லுங்கள். இரண்டு பேர் இருக்கிறோம்."

பெட்டியை மோட்டாரில் ஏற்றிக்கொண்டிருந்த மகன் திரும்பி வந்து, கொல்லாசாரியிடம் அளவு எடுத்து எழுதும்படியும், பணம் தான் அனுப்புவதாகவும் நம்மிடம் சொன்னான்.