பியோரியாவுக்கு வந்த சாண்ட்பெர்க்

அன்புள்ள கார்த்திக்,

அலுவலக நண்பர்களோடு பியோரியா சீஃப்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டம் பார்க்கப் போனதாக எழுதியிருந்தாய். ரைன் சாண்ட்பெர்க் இதே மைதானத்தில் மேனேஜராக இருந்தாராமே, அத்தனை பெரிய ஆட்டக்காரர் இந்தச் சின்ன ஊருக்கு ஏன் வந்தார் என்று கேட்டிருக்கிறாய். எண்பதுகளில் சிகாகோவில் இருந்தவன் நான். இரண்டு வரியில் பதில் எழுத மனம் வரவில்லை.

1978-இல் ஃபிலடெல்ஃபியா அணி அவரை இருபதாவது சுற்றில் தேர்ந்தெடுத்தது. சின்னச் சின்ன ஊர்களில் மைனர் லீக் ஆடித்தான் மேலே வந்தார். 1982-இல் அந்த அணிக்கு சிகாகோ கப்ஸின் இவான் டி ஹெசூஸ் தேவைப்பட்டார். அவருக்கு மாற்றாக லாரி போவாவைக் கொடுத்தார்கள். இந்தப் பையனையும் சேர்த்துக் கொடுத்தால்தான் ஆச்சு என்று கப்ஸ் பிடிவாதம் பிடித்ததால், சாண்ட்பெர்க் சிகாகோவுக்கு வந்து சேர்ந்தார்.

1984 ஜூன் 23, சனிக்கிழமை. ரிக்லி மைதானத்தில் அப்போது விளக்குகள் கிடையாது, எல்லாம் பகல் ஆட்டம்தான். எதிரணி செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். கடைசி நேரத்தில் வந்து ஆட்டத்தை முடித்துவைப்பதில் பெயர்பெற்ற புரூஸ் சட்டர் பந்து வீசுகிறார். ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர் பந்தில் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார் சாண்ட்பெர்க். பத்தாவது இன்னிங்ஸில் கார்டினல்ஸ் மறுபடி முந்தியது. இரண்டு பேர் அவுட்டான நிலையில், அதே சட்டரின் பந்தில் மறுபடியும் ஹோம் ரன்! பதினோராவது இன்னிங்ஸில் கப்ஸ் 12–11 என்று வென்றது. திங்கட்கிழமை அலுவலகத்தில் வேறு பேச்சே இல்லை. அந்த ஆண்டு அவருடைய லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். செகண்ட் பேஸில் தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருதைத் தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் வாங்கினார்.

எனக்கு அவர் மீது மதிப்பு வந்தது அந்த விருதுகளால் அல்ல. 1994 ஜூனில், பருவத்தின் நடுவிலேயே ஓய்வு பெறுவதாக அறிவித்தார். இன்னும் வரவேண்டிய சம்பளம் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல். ஆடும் ஆட்டம் தனக்கே திருப்தியாக இல்லை என்பதால் அதை வேண்டாமென்று விட்டுவிட்டுப் போனார். 1996-இல் திரும்பி வந்து இரண்டு பருவங்கள் ஆடினார். அது வேறு கதை.

2005-இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றார். 2006-இன் முடிவில் கப்ஸுக்கு மேனேஜர் தேவைப்பட்டபோது அந்த வேலையை விரும்பிக் கேட்டார். அவருக்கு அனுபவம் இல்லை. கப்ஸ் லூ பினியெல்லாவை எடுத்துக்கொண்டு, இவருக்கு அப்போது தன் கீழ் இருந்த பியோரியாவைக் கொடுத்தது. மைனர் லீக் ஏணியில் அது கீழ்ப்படிகளில் ஒன்று, ஏ வகுப்பு. மேலே டபுள் ஏ, அதற்கும் மேலே டிரிபிள் ஏ. நாற்பத்தேழு வயதில், இருபது வயதுப் பையன்களோடு பஸ்ஸில் ஊர் ஊராகப் போக அவர் ஒத்துக்கொண்டார். நம் ராகுல் திராவிட் 2015-இல் இந்திய ஏ அணிக்கும் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்கும் பயிற்சியாளராகப் போனதை நினைத்துக்கொள்.

மைனர் லீக் மேனேஜர் வேலை விசித்திரமானது. ஜெயிப்பது இரண்டாம்பட்சம். நன்றாக ஆடுகிறவனை மேல் அணி எந்த நாளிலும் கூட்டிக்கொண்டு போய்விடும். மேலே போகிறவனுக்கும், வீட்டுக்குப் போகிறவனுக்கும் சேதி சொல்ல வேண்டியவர் மேனேஜர்.

பியோரியாவில் இரண்டு பருவங்கள், 2009-இல் டென்னசியில் டபுள் ஏ, 2010-இல் ஐயோவாவில் டிரிபிள் ஏ. ஐயோவாவில் அந்த லீக்கின் சிறந்த மேனேஜர் என்ற விருதும் கிடைத்தது. அந்த ஆண்டு பினியெல்லா விலகினார். ஏணியில் கீழிருந்து மேலே ஏறி வந்தவரை விட்டுவிட்டு, கப்ஸ் மைக் குவேடுக்கு வேலையைக் கொடுத்தது. அது தவறான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். சாண்ட்பெர்க் தன்னை முதலில் எடுத்த ஃபிலடெல்ஃபியாவிடமே போய், அதன் டிரிபிள் ஏ அணியான லீஹை வேலியை இரண்டு ஆண்டுகள் நடத்தினார்.

இதற்கிடையில் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஐயோவாவில் அவரிடம் ஆடிய டார்வின் பார்னி, பிறகு கப்ஸின் செகண்ட் பேஸுக்கு வந்தான். அங்கே 123 ஆட்டங்கள் தொடர்ந்து பிழையே செய்யாமல் ஆடியது சாண்ட்பெர்க்கின் சாதனை. 2012-இல் பார்னி 141 ஆட்டங்கள் ஆடி அதை முறியடித்தான். அந்த இடத்துக்கான தங்கக் கையுறை சாண்ட்பெர்க்குக்குப் பிறகு கப்ஸுக்கு வந்ததும் அவனால்தான்.

2013 ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியா மேஜர் லீக் அணியின் மேனேஜரானார். வயதாகிப்போன அணி, தோல்விமேல் தோல்வி. 2015 ஜூனில் தானே விலகினார். புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தபோது, 2024 ஜூன் 23 அன்று, அந்த 1984 ஆட்டம் நடந்த அதே தேதியில், ரிக்லிக்கு வெளியே அவருடைய சிலையைத் திறந்தார்கள். 2025 ஜூலை 28 அன்று காலமானார்.

சீஃப்ஸ் இப்போது கப்ஸின் அணி இல்லை, கார்டினல்ஸின் அணி. ஆனாலும் அடுத்த முறை போகும்போது மூன்றாம் பேஸ் பக்கம் டிக்கெட் வாங்கு. மைனர் லீக்கில் பெரும்பாலும் மேனேஜரே அந்தக் கோட்டோரம் நின்று, ஓடி வருகிறவனைத் தொடரவா நிற்கவா என்று கையசைத்துச் சொல்வார். பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு இன்னிங்ஸ் முழுக்க அவரையே கவனி. என்ன பார்த்தாய் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தப்பா